எச்சரிக்கை நின்ற காலை

இது நடந்தது. நம்பச் சொல்லி யாரையும் நான் கெஞ்சப் போவதில்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் சாட்சிக் கூண்டில் ஏறியதில்லை. ஏறியிருந்தாலும் பொய் சொல்லியிருக்க மாட்டோம். எங்கள் பையனைப் பற்றி வெளியே ஏதேதோ பேசிக்கொள்கிறார்கள் என்று காதில் விழுந்தது. அடுத்தவர் வாயில் அரைகுறையாக அடிபடுவதைவிட, முழுதாக நானே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

இன்னொன்று. இதில் பாழடைந்த பங்களா இல்லை, நாய் ஊளை இல்லை, நடுநிசி இல்லை. ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்த ஓர் அறையில், எங்கள் வீட்டு மாப்பிள்ளை தனியாக உட்கார்ந்திருந்தார்.

மாப்பிள்ளை என்றால் என் தம்பி மகளைக் கட்டியவர். தம்பி போன பிறகு அவன் பிள்ளைகளுக்குப் பெரியப்பாவும் நான்தான், அப்பாவும் நான்தான். மாப்பிள்ளை ஒரு பெரிய நிறுவனத்தில் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவர். கெட்டிக்காரர். கொஞ்சம் கர்வமும் உண்டு. கெட்டிக்காரனுக்குக் கர்வம் இருந்தால் தப்பில்லை என்பது என் கட்சி. அவருக்குக் கீழே வேலை பார்த்தவன் அவருடைய மைத்துனன், என் தம்பியின் கடைக்குட்டி. வீட்டில் அவனைச் சின்னவன் என்போம். மாப்பிள்ளையின் சிபாரிசில் கிடைத்த வேலை. அதனாலேயே மற்றவர்களை ஒரு சொல் திட்டினால் அவனை மூன்று சொல் திட்டுவார். சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டுகிறார் என்று யாரும் விரல் நீட்டிவிடக் கூடாதே.

அந்தக் கட்டடத்தின் தரைத்தளத்துக்கும் கீழே ஓர் அறை. சன்னல் கிடையாது. குளிர்சாதனம் ஓயாமல் உறுமிக்கொண்டிருக்கும். ஆளுயர இரும்பு அலமாரிகள் இரண்டு, ரேக் என்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு டைரக்டரி சர்வர். அது என்ன வஸ்து என்று சின்னவன்தான் எனக்கு ஒருமுறை விளக்கினான்.

"வாசல்ல நிக்கிற ஆள் மாதிரி பெரியப்பா அது. காலையில யார் கம்ப்யூட்டரைத் தொட்டாலும், இவன் நம்ம ஆளா, எந்த ரூம் வரைக்கும் விடலாம்னு அதுதான் சொல்லணும். அதுக்கு மறந்து போச்சுன்னா முதலாளியே வந்தாலும் வெளியிலதான் நிக்கணும்."

அவனுக்கு ஒரு பழக்கம். அந்த அலமாரிக் கதவைத் திறக்கும் முன் இரண்டு முறை தட்டுவான்.

டக்... டக்.

"உள்ள யார்ரா இருக்கா, தட்டுறே?" என்பார் மாப்பிள்ளை.

"மொத்த ஆபீஸும் உள்ளதான் இருக்கு அத்தான். சொல்லாம கொள்ளாம கதவைத் திறந்தா நல்லாவா இருக்கும்?"

இருவரும் சிரிப்பார்கள்.

அந்த சர்வர்களை அவ்வப்போது நகல் எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும். பேக்கப் என்பது அதுதான். எடுக்காமல் நாள் கடந்தால் சர்வரே எச்சரிக்கை விடும்: இந்த டைரக்டரி இத்தனை நாளாக பேக்கப் எடுக்கப்படவில்லை என்று. தினமும் விடும். நாள் கூடக் கூட எண்ணும் கூடும். அங்கே பேக்கப் எடுத்துவந்த பழைய பெட்டி பழுதாகிப் பல மாதம் ஆகியிருந்தது. புதிது வேண்டும் என்று எழுதினால், இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று மேலிடத்தில் கேட்பார்கள். அந்தக் கேள்வி மாப்பிள்ளைக்குப் பிடிக்கவில்லை.

"ரெண்டு சர்வர் இருக்குடா. ஒண்ணு போனா இன்னொண்ணு. பேக்கப் எதுக்கு?"

"ஒண்ணுல தப்பு பண்ணா இன்னொண்ணும் அதே தப்பைக் காப்பி அடிச்சுடும் அத்தான். ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி. ஒண்ணு அழுதா ரெண்டும் அழும்."

"தப்பு பண்ணாத்தானே? பண்றது யாரு, நானா?"

அந்தச் சமயத்தில் கம்ப்யூட்டர் பிரிவைச் சோதிக்க வெளியாட்கள் வருவதாக இருந்தது. எச்சரிக்கை அவர்கள் கண்ணில் பட்டால் மானம் போகும். மாப்பிள்ளை ஒரு வழி கண்டுபிடித்தார். எத்தனை நாள் தாண்டினால் கத்த வேண்டும் என்று சர்வருக்கு ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். வெறும் ஓர் எண். அதைப் பெரிதாக்கிவிட்டால் சர்வர் வாயே திறக்காது. முதல் சர்வரில் அந்த எண்ணைத் தம் கையாலேயே ஆயிரமாக்கினார். பசித்து அழுகிற குழந்தைக்குப் பால் கொடுக்காமல் வாயைப் பொத்துகிற வேலை அது.

"ரெண்டாவதுல நீ மாத்திடு" என்றார்.

சின்னவன் தலையைச் சொறிந்தான். "மனசு ஒப்பல அத்தான்."

"உன் மனசை நான் கேக்கல. எண்ணை மாத்தச் சொன்னேன்."

ஒரு விடுமுறைக்கு முந்தைய நாள் மாலை, சின்னவன் அக்கா வீட்டுக்கு வந்தான். கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டிஸ்க். அவன் சொந்த டிஸ்க். மாப்பிள்ளையின் மகள் அதன் முதுகில் ஒரு வாத்துப் பொம்மை ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுத்தாள். "மாமாவோட வாத்து" என்றாள்.

"நாளைக்கு லீவுதானே அத்தான். நானே போய்க் கையால ஒரு பேக்கப் எடுத்துட்டு வந்துடுறேன்."

மாப்பிள்ளை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "எதையாவது பண்ணித் தொலை. ஆனா அந்த வார்த்தையை இந்த வீட்டுல இனிமே எடுக்காதே."

அவனிடம் அவர் பேசிய கடைசிப் பேச்சு அது.

மறுநாள் காலை அக்கா கையால் டீ குடித்துவிட்டு, டிஸ்கைத் தோள்பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தான். 7.55க்குப் பாலத்துக்கு முன்னால் உள்ள வளைவில் ஒரு லாரி. அலுவலகம் பாலத்துக்கு அந்தப் பக்கம். சின்னவன் பாலத்தில் ஏறவே இல்லை.

ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டு உடலை வாங்கியவன் நான். மாப்பிள்ளை வெளித் தாழ்வாரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேறு யாரையும் நான் உள்ளே விடவில்லை. சுற்றிய துணியைப் பிரிக்காமலேயே அடக்கம் செய்தோம். முகத்தையாவது காட்டுங்க பெரியப்பா என்று அவன் அக்கா என் காலைப் பிடித்துக் கதறினாள். நான் இணங்கவில்லை. காரணமும் சொல்லவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

அவனுடைய தோள்பை மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் வீடு வந்தது. அவன் அக்கா அதைப் பீரோவுக்குள் வைத்தாள். யாரும் திறக்கவில்லை.

இரண்டு வாரம் போயிற்று. இறந்தவரின் பெயரை டைரக்டரியிலிருந்து நீக்கும்படி மாப்பிள்ளைக்குக் குறிப்பு வந்தது. மாடியில் தம் மேசையிலிருந்தே சர்வரைத் திறந்தார். திரையில் அந்தப் பெயர் வந்ததும் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். திருப்பியபடியே தேர்ந்தெடுத்தார்.

நிச்சயமாக நீக்கலாமா என்று கேட்டது. ஆம் என்றார். மறுபடியும் கேட்டது. ஆம் என்றார்.

அவர் தொட்டது சின்னவனின் பெயரை அல்ல. அந்தப் பெயர் இருந்த பிரிவை. மூன்று மாடி ஊழியர்களின் பெயர்களும் மொத்தமாக அழிந்தன. சில நிமிடங்களில் இரண்டாவது சர்வரும் அந்த அழிப்பை அப்படியே தானும் செய்துகொண்டது. சின்னவன் சொன்ன இரட்டைப் பிள்ளைகள்.

அலுவலகம் ஸ்தம்பித்தது. அவரவர் கம்ப்யூட்டர் அவரவரையே நீ யார் என்று கேட்டது. மேனேஜர் இறங்கி வந்தார்.

"பேக்கப் எங்கே?"

"இல்ல சார்."

"யார் பொறுப்பு?"

மாப்பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் வாய் மட்டும் ஆடியது.

"அது என் மச்சினன் பார்த்த வேலை சார்."

பொய் என்று ஒரு சொல்கூட அதில் இல்லை. அதுதான் அதன் கொடுமை. மேனேஜர் தலையை ஆட்டிக்கொண்டார். செத்தவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான்? இறந்துபோன ஊழியரின் அலட்சியமே காரணம் என்று திங்கட்கிழமை மேலிடத்துக்கு அறிக்கை போகும் என்றார். அதற்குள் முடிந்த அளவு பெயர்களைத் திரும்ப ஏற்றச் சொன்னார்.

அன்று இரவு வீட்டில் மாப்பிள்ளையிடம் அவர் மனைவி கேட்டாள். "ஆபீஸ்ல அவனைப் பத்தி ஏதாவது பேசுறாங்களா?"

"ஒண்ணுமில்ல."

"உங்க பார்வையே சரியில்லையே..."

"ஒண்ணுமில்லன்னு சொன்னேன்ல?"

சனிக்கிழமை நானும் அவர் வீட்டுக்குப் போனேன். அரசல்புரசலாக எனக்கும் சேதி வந்திருந்தது. உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன்: "பையன் போயிட்டான். பேராவது மிஞ்சணும், மாப்பிள்ளை." அவர் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு, "சரிங்க மாமா" என்றார்.

மறுநாள் ஞாயிறு. பதினொரு மணிக்கு அலுவலகம் போனார். வாசலில், விடுமுறை நாட்களில் மட்டும் வரும் வயதான காவலாளி. மற்ற நாட்களில் நடப்பது எதுவும் அவருக்குத் தெரியாது.

"என்ன சார், இன்னைக்கு நீங்களா? தம்பி வரலையா?"

மாப்பிள்ளை சொல்லியிருக்கலாம். இறந்துவிட்டான் என்று ஒரு சொல். "வரல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

கீழறையில் முதல் அலமாரிக்கு அருகே ஒரு மேசை. உட்கார்ந்து, அழிந்த பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தார். பயனில்லாத வேலை என்று அவருக்கே தெரியும். அதே பெயரை அதே எழுத்தில் எழுதினாலும் சர்வர் அவனைப் புது ஆளாகத்தான் பார்க்கும். பழைய உரிமை எதுவும் ஒட்டாது. போனவன் போனவன்தான்.

பத்தாவது பெயரோ பதினோராவதோ. அடித்து முடித்துச் சேமித்தார்.

டக்... டக்.

நிமிர்ந்தார். குளிர்சாதனக் குழாயில் ஏதோ சுருங்குகிறது என்று நினைத்தார். அடுத்த பெயர். சேமித்தார்.

டக்... டக்.

சத்தம் குழாயிலிருந்து வரவில்லை. இரண்டாவது அலமாரியிலிருந்து வந்தது. சின்னவன் போன பிறகு அந்தக் கதவை அவர் தொட்டதே இல்லை. அது அவன் பார்த்துக்கொண்ட சர்வர். அந்தக் கதவில் அவன் விரல் தடம் இன்னும் இருக்கும் என்று ஒரு நினைப்பு.

மடியில் கனம் இருந்தால் வழியெல்லாம் பயம். தம்மையே அதட்டிக்கொண்டார். கதவைத் திறக்க மனம் வராமல், மேசையிலிருந்தே இரண்டாவது சர்வரைத் திரையில் திறந்தார். கை தானாக அந்த எண்ணைத் தேடிப் போனது. எச்சரிக்கையின் வரம்பு.

மாறவில்லை.

சின்னவன் அந்த எண்ணை மாற்றவே இல்லை. சொன்னதைச் செய்யாத பயல் என்று முதலில் கோபம்தான் வந்தது. வெட்கக்கேடு, கூடவே ஓர் ஆறுதலும் வந்தது. பார், சொல்பேச்சு கேட்காதவன், தப்பு அவன் மேல்தான்...

பிறகுதான் உறைத்தது.

எண்ணை மாற்றவில்லை என்றால், இந்த சர்வர் தினமும் கத்திக்கொண்டு இருக்க வேண்டும். இன்றும் கத்த வேண்டும். ஏன் கத்தவில்லை?

பின்னோக்கித் தேடினார். எச்சரிக்கைகள் இருந்தன. நாள் தவறாமல். ஒவ்வொன்றிலும் ஒரு நாள் கூடிக்கொண்டே வந்தது. அந்த விடுமுறைக்கு முந்தைய நாள் வரை. அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.

அந்தக் காலையோடு நின்றிருந்தது.

அந்த எச்சரிக்கை தானாக நிற்காது. மிரட்டினால் நிற்காது. மறந்தால் நிற்காது. வாயைப் பொத்தாதபோது அது ஓய்வதற்கு ஒரே காரணம்தான் உண்டு.

யாரோ பேக்கப் எடுத்திருக்க வேண்டும்.

மேசைத் தொலைபேசியை எடுத்து வீட்டுக்கு அடித்தார். விரல் இரண்டு முறை தவறியது.

"சின்னவன் பையைத் திறந்து பாரு."

"இப்ப எதுக்குங்க..."

"திறடி."

பீரோ திறக்கும் சத்தம். ஜிப் இழுக்கும் சத்தம். அவள் மூக்கை உறிஞ்சினாள். "மழைக்கோட்டு இருக்கு. ஒயரு இருக்கு. டிஸ்க்கு உறை இருக்கு."

"உள்ள டிஸ்க் இருக்கா?"

"காலி."

அவர் இரண்டாவது அலமாரியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏங்க... பக்கத்துல யாரு?"

"யாருமில்ல."

"யாரோ மூச்சு விடுறாங்களே. பானைக்குள்ள வாயை வச்சு மூச்சு விடுற மாதிரி..."

"நான்தான்."

சொல்லிவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டார். ஒன்று. இரண்டு. மூன்று...

"இன்னும் கேக்குதுங்க" என்றாள்.

தொலைபேசியை வைத்தார்.

இப்போது அவருக்கும் கேட்டது.

உஸ்ஸ்... உஸ்ஸ்...

மூடிய எதற்குள்ளோ சுற்றிச் சுற்றி வரும் மூச்சு. வெளியே வர வழி இல்லாத மூச்சு.

ஓடியிருக்கலாம். படி பத்தடியில் இருந்தது. அவர் ஓடவில்லை. பயம் இல்லாததால் அல்ல என்று என்னிடம் சொன்னார். "ஓடினா, ரெண்டாவது தடவையும் அவனை விட்டுட்டுப் போன மாதிரி ஆயிடும் மாமா."

எழுந்தார். அலமாரியை நெருங்கினார். இரும்புக் கதவில் காதை வைத்தார்.

மூச்சு நின்றது.

குளிர்சாதனத்தின் உறுமல்கூடக் கேட்கவில்லை...

டொக்.

காதுக்கு நேரே. அந்தப் பக்கத்திலிருந்து. கெட்டியான ஏதோ ஒன்று. தலை உயரத்தில். அவர் சாய்ந்தது போலவே, உள்ளிருந்து யாரோ கதவில் சாய்ந்தது போல.

"அத்தான்..."

அடைத்த குரல். ஆனால் அவன் குரல்.

"தட்டிட்டுத் திறங்க அத்தான்."

மாப்பிள்ளை கையைத் தூக்கினார்.

டக்.

டக்.

திறந்தார்.

யாருமில்லை.

சர்வர். அதன் சிறிய பச்சை விளக்குகள். பின்பக்கமாக ஒரு ஒயர். ஒயரின் நுனியில், உள்ளங்கை அகலத்தில்... வாத்துப் பொம்மை.

தொட்டார். வெதுவெதுப்பாக இருந்தது.

தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். மாப்பிள்ளை அழுது நான் பார்த்ததில்லை, அடக்கத்தன்றுகூட.

டிஸ்கில் முழுப் பேக்கப் இருந்தது. எடுத்தவர் என்ற இடத்தில் சின்னவனின் பெயர். தேதி, அந்த விடுமுறை நாள். தொடங்கிய நேரம், காலை 11.04.

காலை 11.04க்கு மாப்பிள்ளை எங்கே இருந்தார் என்று அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், சுவரைப் பிடித்துக்கொண்டு.

அந்த நகலை வைத்து மாலைக்குள் டைரக்டரியை மீட்டார். மூன்று மாடிப் பெயர்களும் பழைய உரிமைகளோடு திரும்பி வந்தன. முதல் சர்வரும் அவற்றை ஒழுங்காகப் பிரதி எடுத்துக்கொண்டது. சின்னவனின் பெயரும் நடுவில் வந்து உட்கார்ந்தது, எதுவுமே நடக்காதது போல. முதல் சர்வரில் தாம் வைத்த ஆயிரத்தையும் பழைய எண்ணுக்கு மாற்றினார்.

திங்கட்கிழமை மேனேஜர் அவர் முதுகில் தட்டினார். "காப்பாத்திட்டீங்க சார். பேக்கப் இல்லன்னீங்களே?"

இன்னொரு வாய்ப்பு. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் புகழ் அவருக்கு.

"நான் எடுக்கல சார். அவன் எடுத்தது. எச்சரிக்கையை அமுக்கினது நான். பேரையெல்லாம் அழிச்சதும் நான். பழியை அவன் மேல போட்டதும் நான்தான்."

பிரிவில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். மேனேஜர் டிஸ்கின் தேதியைப் பார்த்தார். நேரத்தைப் பார்க்கவில்லை. "லீவு அன்னைக்குக் காலையில வந்து எடுத்துட்டு, திரும்பிப் போறப்ப அடிபட்டிருக்கான் போல. பாவம், நல்ல பையன்" என்றார். வீட்டிலிருந்து வரும் வழியில் அல்லவா அடிபட்டான் என்று யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளையும் திருத்தவில்லை.

அறிக்கையில் சின்னவனின் பெயர் சுத்தமானது. மாப்பிள்ளையின் தலைமைப் பதவி போயிற்று. போகட்டும். அன்று மாலை என் வீட்டுக்கு வந்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். உட்காருங்கள் என்று சொல்ல எனக்கு வெகுநேரம் பிடித்தது. ஆனால் சொன்னேன். அவன் அக்கா மாதக்கணக்கில் அவரோடு பேசவில்லை. அதில் நான் தலையிடவில்லை.

இவ்வளவும் அவர் வாய்மொழி. துக்கமும் குற்ற உணர்வும் சேர்ந்தால் மனிதன் காதில் என்னென்னவோ விழும் என்று நான் நினைத்துக்கொண்டேன். டிஸ்க்? அதற்கும் ஏதோ காரணம் இருக்கும். நான் எளிதில் நம்புகிறவன் அல்ல.

ஆனாலும் மனம் அரித்துக்கொண்டே இருந்தது. அடுத்த விடுமுறை நாளில் அந்தக் காவலாளியைப் பார்க்கப் போனேன். சின்னவனின் பெரியப்பா என்றேன். எழுந்து நின்றார். அந்தத் தேதியைச் சொல்லி, அன்று எங்கள் பையன் வந்தானா என்று கேட்டேன்.

"வந்தாரே. பதினோரு மணி இருக்கும். வண்டியைக் காணோம், நடந்துதான் வந்தார்."

"நீங்க பார்த்தீங்களா?"

"பேசினேனே ஐயா. எப்பவும் ஹெல்மெட்டைக் கழட்டி என் மேசையில வச்சுட்டுத்தான் கீழ போவார். அன்னைக்குக் கழட்டல. என்ன தம்பி, ஹெல்மெட்டோடவே தூங்கி எழுந்தீங்களான்னு கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"சிரிக்கல. 'கழட்ட வேண்டாம்ணே. கழட்டினா பார்க்கிற மாதிரி இருக்காது'ன்னார். குரல் அடைச்சிருந்தது. அப்படியே படியிறங்கிப் போனார். திரும்பி வந்ததை நான் பார்க்கல." கொஞ்சம் தயங்கிக் கேட்டார்: "தம்பி நல்லா இருக்காரா ஐயா?"

நான் அவருடைய நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

அன்று ஆஸ்பத்திரியில் நடந்ததை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. பத்தரை மணிக்கு மருத்துவர் என்னை மட்டும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார். மேசையில் சின்னவன். தலையில் ஹெல்மெட் அப்படியே இருந்தது. நான் அதைத் தொடப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"கழட்ட வேண்டாம் ஐயா. கழட்டினா பார்க்கிற மாதிரி இருக்காது."

அந்த அறையில் அதைக் கேட்டது நான் ஒருவன்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.